ஒரே நிலா, இரண்டு பெருநாள்: பிறைக் குழப்பம் எங்கே தொடங்குகிறது?

2025 மார்ச் 29 அன்று பகலில், ஐரோப்பாவின் பல நாடுகளில் சூரியனின் ஓரத்தை மறைத்தபடி நிலா கடந்து சென்றது. பகுதி சூரிய கிரகணம். அன்று மாலை சூரியன் மறைந்ததும் ரமளானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலின் பிறை தென்பட்டதாகச் சவூதி அரேபியா அறிவித்தது. மறுநாள் 30ஆம் தேதி அங்கே நோன்புப் பெருநாள். துருக்கியிலும் 30தான். எகிப்து, ஓமன், இந்தோனேசியா ஆகிய நாடுகள் முப்பது நோன்பையும் நிறைவுசெய்து 31ஆம் தேதி பெருநாள் கொண்டாடின. ரமளானையே ஒரு நாள் கழித்துத் தொடங்கியிருந்த பாகிஸ்தானிலும் மலேசியாவிலும் அதே 31ஆம் தேதிதான் பெருநாள், ஆனால் 29 நோன்போடு.

வானத்தில் இருப்பது ஒரே நிலா. கிரகணம் எந்த நிமிடத்தில் தொடங்கும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். அப்படியிருக்கப் பெருநாள் ஏன் இரண்டாகிறது? ஒன்றுபோல் தெரியும் இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

1. புதிய நிலா எப்போது பிறக்கிறது?
2. பிறந்த நிலா எந்த ஊரில், எந்த மாலையில் கண்ணுக்குத் தெரியும்?
3. தெரிந்ததாக யார் சொன்னால், அது யாரையெல்லாம் கட்டுப்படுத்தும்?

முதலாவது முழுக்க வானியல். விடையில் தகராறே இல்லை. இரண்டாவதும் வானியல்தான், ஆனால் அதில் காற்றின் தூசியும் மனிதக் கண்ணும் கலந்திருக்கின்றன. மூன்றாவது மார்க்கச் சட்டம். பிறையைப் பற்றிய வாக்குவாதங்களில் பெரும்பாலானவை, மூன்றாவது கேள்விக்கு முதல் கேள்வியின் விடையைச் சொல்வதால் வருகின்றன.

## 29ஆ, 30ஆ?

ஒரு சங்கமத்திலிருந்து (புதிய நிலா பிறக்கும் கணம்) அடுத்த சங்கமம் வரை சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் ஆகிறது. மாதத்தை அரை நாளில் முடிக்க முடியாது என்பதால் ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமியச் சந்திர நாள்காட்டியின் மாதம் 29 அல்லது 30 நாளாக அமைகிறது. 28க்கும் இடமில்லை, 31க்கும் இடமில்லை. பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. ரமளான் ஒவ்வோர் ஆண்டும் முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருவது இதனால்தான்.

இன்னோர் அடிப்படையையும் நினைவில் வைக்க வேண்டும். ஹிஜ்ரி நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. சூரியன் மறையும் மஃரிப் வேளையில் தொடங்குகிறது. எனவே 29ஆம் நாள் பகல் முடிந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிறை தென்பட்டால் அந்த இரவே புதிய மாதத்தின் முதல் இரவு. தென்படாவிட்டால், மேகம் மறைத்துவிட்டாலும்கூட, முப்பதாக நிறைவுசெய்ய வேண்டும். ‘பிறையைப் பார்த்து நோன்பு வையுங்கள், பார்த்து விடுங்கள், மேகமூட்டமாக இருந்தால் ஷஃபானை (ரமளானுக்கு முந்தைய மாதம்) முப்பதாக முழுமையாக்குங்கள்’ என்ற கருத்திலுள்ள நபிமொழி இதற்கு ஆதாரம்.

## சங்கமம் என்பது பிறை அல்ல

பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியனும் நிலாவும் வானில் ஒரே நெடுங்கோட்டுக்கு வந்து சேரும் கணம் சங்கமம். பஞ்சாங்கத்தில் அமாவாசைத் திதி முடியும் கணமும் இதுவே. உலகம் முழுவதற்கும் இது ஒரே கணம். கடிகாரங்கள்தான் வெவ்வேறு நேரம் காட்டும். 2025 மார்ச் 29இல் அது உலகப் பொது நேரப்படி காலை 10:58. அன்றைய கிரகணம் அதன் கண்கூடான சாட்சி: நிலா சூரியனுக்கு முன்னால் வந்து நின்றால்தான் சூரியன் மறைபடும்.

ஆனால் அந்தக் கணத்தில் நிலாவின் ஒளிபட்ட பக்கம் முழுவதும் நமக்கு எதிர்ப்புறம் திரும்பியிருக்கிறது. நாம் பார்ப்பது அதன் இருண்ட முதுகை. அங்கிருந்து நிலா சூரியனை விட்டு மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை வீதம் விலகுகிறது. அரைப் பாகை என்பது நிலாவின் விட்டமே. மணிக்குத் தன் உடம்பின் அகலம் அளவுதான் அது நகர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒளிக்கீற்று கண்ணுக்குப் பிடிபடும் அளவுக்கு விலக, பெரும்பாலும் முக்கால் நாளோ அதற்கு மேலோ ஆகிறது. அமாவாசைக்குப் பிந்தைய கீற்றைத் தமிழ் ‘மூன்றாம் பிறை’ என்று எண்ணியிருப்பதிலேயே இந்த இடைவெளி பதிவாகியிருக்கிறது.

‘இன்று அமாவாசை, ஆகவே நாளை முதல் பிறை’ என்ற கணக்கு அதனால்தான் பல மாதங்களில் பொய்த்துப்போகிறது.

## கண்ணுக்குத் தெரிய என்னென்ன வேண்டும்?

‘நிலாவின் வயது எத்தனை மணி நேரம்’ என்று மட்டும் கேட்பது போதாது. ஒரே வயதுள்ள நிலா ஒரு மாதம் எளிதாகத் தெரியும், இன்னொரு மாதம் தொலைநோக்கியிலும் சிக்காது. பார்க்க வேண்டியவை இவை:

1. விலகுகோணம். சூரியனிலிருந்து நிலா எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்பது. கீற்றின் தடிமனை நிர்ணயிப்பது இதுதான். ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே பிறையே தென்படுவதில்லை என்று 1930களில் பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே தான்ஜோன் கண்டார். பின்னர் வந்தவர்கள் இந்த எல்லையைச் சற்றுக் குறைத்துச் சொன்னாலும் இன்றும் ‘தான்ஜோன் எல்லை’ என்றே பேசுகிறார்கள்.

2. அடிவானத்திலிருந்து உயரம். சூரியன் மறையும்போது நிலா எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. உயரம் குறைந்தால், வானம் இருட்டுவதற்குள் நிலாவும் போய்விடும். இதில் பலரும் மறக்கும் ஒன்று உண்டு. கணக்குகள் பூமியின் மையத்திலிருந்து போடப்படுகின்றன. நாம் நிற்பதோ மேற்பரப்பில். இந்த வித்தியாசம் அடிவானத்தருகே நிலாவை ஏறக்குறைய ஒரு பாகை கீழே இறக்கிக் காட்டும். மெல்லிய பிறைக்கு அந்த ஒரு பாகை வாழ்வா சாவா என்ற விஷயம்.

3. பாதையின் சாய்வு. வட அரைக்கோளத்தின் நடு அகலாங்குகளில், வசந்த கால மாலைகளில் நிலா செல்லும் பாதை அடிவானத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும். இலையுதிர் காலத்தில் அதே பாதை அடிவானத்தை ஒட்டிப் படுத்துவிடும். விலகுகோணம் ஒன்றாகவே இருந்தாலும், முதலாவதில் நிலா சூரியனுக்கு நேர் மேலே நிற்கும். இரண்டாவதில் பக்கவாட்டில் போய்ச் சூரியனோடு சேர்ந்தே மறையும்.

4. நிலாவின் தொலைவு. பூமிக்கு அருகே இருக்கும் நாள்களில் நிலா விரைவாக நகர்கிறது. அதே நேரத்தில் கூடுதல் பாகை விலகிவிடும்.

5. காற்று. தூசி, ஈரப்பதம், புகை. மேகமே இல்லாத வானம் தெளிந்த வானமாக இருக்க வேண்டும் என்றில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். பிறை தெரியக்கூடிய பகுதி பூமியின் மேல் ஒரு பரவளைவாக, மூக்கு ஓரிடத்தில் தொடங்கி மேற்கு நோக்கி அகலும். கிழக்கே இருப்பவர்களுக்குச் சூரியன் முன்பே மறைந்துவிடும், அப்போது நிலாவுக்கு வயது போதாது. மேற்கே போகப் போக நிலா மூப்படைகிறது. மலேசிய அறிஞர் முஹம்மது இல்யாஸ் 1980களில் இந்த வளைவைச் ‘சர்வதேசச் சந்திரத் தேதிக்கோடு’ என்று வகுத்தார். சூரியத் தேதிக்கோடு பசிபிக்கில் அசையாமல் கிடக்கிறது. சந்திரத் தேதிக்கோடோ ஒவ்வொரு மாதமும் வேறு இடத்தில் விழுகிறது. ஒரு மாதம் முன்னதாகப் பிறை கண்ட நாடு அடுத்த மாதமும் முன்னதாகக் காணும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பார்க்கப் போகிறவருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பும் உண்டு. சூரியன் மறைந்த உடனே மேற்கு வானம் ஒளி மிகுந்திருக்கும், கீற்று அதில் கரைந்துவிடும். நிலா மறையும் தறுவாயில் அடிவானப் புழுதி விழுங்கிவிடும். சூரியன் மறைவதற்கும் நிலா மறைவதற்கும் இடையிலான நேரத்தில் ஒன்பதில் நான்கு பங்கு கழிந்த தருணமே மிகச் சாதகமானது என்கிறார் பிரிட்டிஷ் வானியலாளர் பெர்னார்ட் யாலப். இடைவெளி 45 நிமிடம் என்றால், சூரியன் மறைந்து இருபதாவது நிமிடம். இரட்டைக்குழல் தொலைநோக்கியைக் கையில் எடுப்பதும் சூரியன் முழுதாக மறைந்த பின்புதான். அதற்கு முன் எடுத்தால் கண் போய்விடும்.

## கணக்கு எதுவரை செல்லும்?

யாலப் 1997இல் பிறைத் தோற்றத்தை ஆறு படிகளாகப் பிரித்தார்: எளிதாகத் தெரியும் என்பதில் தொடங்கி, தொலைநோக்கியிலும் தெரியாது என்பதையும் தாண்டி, தான்ஜோன் எல்லைக்கும் கீழே என்பது வரை. ஜோர்டானைச் சேர்ந்த முஹம்மது ஒதே 2004இல் 737 பார்வைப் பதிவுகளை ஆராய்ந்து இன்னொரு அளவுகோலைத் தந்தார். இரண்டும் இன்று பரவலாகப் பயன்படுகின்றன.

இந்த அளவுகோல்களின் இரு முனைகளும் உறுதியானவை, நடுப்பகுதிதான் வழுக்கும். ‘நிச்சயம் தெரியும்’ என்பதையும் ‘தெரிய வாய்ப்பே இல்லை’ என்பதையும் நம்பிச் சொல்லலாம். ‘வானம் சுத்தமாக இருந்து, பார்ப்பவர் தேர்ந்தவராக இருந்தால் தெரியலாம்’ என்ற நடுப்படியில் கணக்கு கையை விரித்துவிடும். அங்கே கண்தான் பேச வேண்டும்.

கருவிகள் இந்த எல்லையை ஒரு விசித்திரமான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன. 2013 ஜூலை 8இல் பிரான்ஸில் தியெரி லெகோல் என்ற வானியல் படக்கலைஞர், சங்கமம் நிகழ்ந்த அதே கணத்தில் பிறையைப் படம் எடுத்தார். அகச்சிவப்பு ஒளிவடிகட்டி, சூரிய ஒளி நேரே விழாமல் தடுக்கும் திரை, பட்டப்பகல். நிலாவின் வயது பூச்சியம். அது அவ்வாண்டு ரமளானின் நிலாவும்கூட. ‘பார்த்தல்’ என்ற சொல்லுக்கு இதையும் சேர்ப்பதானால் சங்கமமும் பிறையும் ஒன்றாகிவிடும். சேர்ப்பதில்லையென்றால் எந்தக் கருவிவரை அனுமதி என்று கோடு கிழித்தாக வேண்டும். அந்தக் கோட்டைக் கிழிப்பது வானியலின் வேலை அல்ல.

## சாட்சியை விசாரிப்பது

கண் ஏமாறும் என்பது முன்னோர்களுக்கும் தெரிந்திருந்தது. நபித்தோழர் அனஸ் பின் மாலிக் நூறு வயதை நெருங்கிய காலத்தில், மக்களோடு பிறை பார்க்க நின்றபோது, ‘அதோ தெரிகிறது’ என்று கைகாட்டினாராம். வேறு யாருக்கும் தெரியவில்லை. அருகில் நின்ற, கூர்மதிக்குப் பேர்போன காஜி (நீதிபதி) இயாஸ் பின் முஆவியா அவரது முகத்தை உற்றுப் பார்த்தார். புருவத்திலிருந்து ஒரு வெள்ளை முடி வளைந்து கண் முன்னே தொங்கியது. அதை விரலால் ஒதுக்கிவிட்டு, ‘இப்போது காட்டுங்கள், எங்கே?’ என்றார். பெரியவர் தேடினார், காணவில்லை. வரலாற்று நூல்கள் சொல்லும் கதை இது. சாட்சி பொய் சொல்லவில்லை என்பதையும், சாட்சி சொன்னது சரியில்லை என்பதையும் ஒரே மூச்சில் காட்டுகிற கதை.

சாட்சியின் நேர்மையை விசாரிப்பது ஒன்று, அவர் பார்த்த பொருளை விசாரிப்பது இன்னொன்று. பல பிறைக் கமிட்டிகளில் முதலாவது நன்றாக நடக்கிறது, இரண்டாவது கோட்டைவிடப்படுகிறது என்பது என் எண்ணம். சூரியன் மறைந்த இடத்துக்கு வலப்புறமா, இடப்புறமா? எத்தனை விரல் உயரத்தில்? கொம்புகள் எந்தத் திசை நோக்கி இருந்தன? எத்தனை நிமிடம் தெரிந்தது? ஒளிபட்ட பக்கம் எப்போதும் சூரியனை நோக்கியே இருக்கும். கொம்புகள் சூரியனை நோக்கியிருந்தன என்று சொன்னால் அவர் பார்த்தது பிறை அல்ல. விமானம் விட்டுச்சென்ற வெண்கோடு, மேகத்தின் ஒளிர்ந்த விளிம்பு, வெள்ளிக் கோள் எல்லாமே பிறையாகியிருக்கின்றன.

இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளுள் ஒன்றான ஹனஃபி மத்ஹபில் ஒரு விதி உண்டு: மேகமில்லாத வானில் ஓரிருவர் சொல்வது போதாது, பெருந்திரளானவர்கள் பார்த்திருக்க வேண்டும். ஆயிரம் பேர் தேடிய தெளிந்த வானில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தது என்றால் சந்தேகப்பட வேண்டியது அந்த ஒருவரைத்தான். தொலைநோக்கிக்கு முந்தைய காலத்தில் வகுத்த விதி, புள்ளியியல் படித்தவர் வகுத்ததுபோல் இருக்கிறது.

## எந்த ஊர்ப் பிறை யாருக்கு?

மூன்றாவது கேள்வியின் மையம் இது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சம்பவம் குரைப் என்பவருடையது. அவர் ஒரு வேலையாகச் சிரியா சென்றிருந்தபோது ரமளான் தொடங்கியது. அங்கே வெள்ளி இரவு பிறை பார்த்தார்கள். (நாள் மஃரிபில் தொடங்குவதால் வெள்ளி இரவு என்பது வியாழன் மாலையைக் குறிக்கும்.) மாதக் கடைசியில் அவர் மதீனா திரும்பியபோது, அங்கே சனி இரவுதான் பார்த்ததாக நபித்தோழர் இப்னு அப்பாஸ் சொன்னார். ‘முஆவியா பார்த்து நோன்பு வைத்தது போதாதா?’ என்று, சிரியாவிலிருந்து ஆட்சி செய்தவரைக் குறிப்பிட்டுக் குரைப் கேட்டார். ‘போதாது, முப்பதை நிறைவுசெய்வோம், அல்லது பிறையைப் பார்ப்போம். நபியவர்கள் எங்களுக்கு இப்படித்தான் கட்டளையிட்டார்கள்’ என்பது பதில்.

ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பிறையே என்பதற்கு இது நேரடிச் சான்று என்கிறார்கள் தத்தம் பகுதிப் பிறையை ஏற்பவர்கள். பிறை உதிக்கும் எல்லை, அதாவது மத்லஃ, வேறுபட்டால் மாதமும் வேறுபடும் என்பது ஷாஃபி மத்ஹபின் நிலை. மறுதரப்போ, இப்னு அப்பாஸ் சொன்னது அவரது சொந்த ஆய்வு முடிவு என்கிறது. ‘பார்த்து நோன்பு வையுங்கள்’ என்பது உம்மத் (முஸ்லிம் சமுதாயம்) முழுவதையும் நோக்கிய கட்டளை, ஓரிடத்தில் தெரிந்தால் எல்லோருக்கும் போதும் என்பது சர்வதேசப் பிறையை ஏற்பவர்களின் வாதம். ஹனஃபி மத்ஹபின் பிரபலமான கருத்தும் இதுவே. நாட்டின் எல்லை என்ற மூன்றாவது அளவுகோல் பழைய நூல்களில் இல்லை. இன்றைய அரசுகள் கொண்டுவந்தது. எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே வானத்தைப் பார்க்கும் இரண்டு ஊர்கள் வெவ்வேறு நாளில் பெருநாள் கொண்டாடுவதற்கு வானியலிலும் காரணம் கிடையாது, மார்க்கச் சட்டமான ஃபிக்ஹிலும் கிடையாது. நிர்வாகம்தான் காரணம்.

## கணக்கை ஏற்பதில் நான்கு படிகள்

‘கணக்கா, கண்ணா’ என்று இரண்டு கட்சிகள் மட்டும் இருப்பதுபோல் பேசுவது வழக்கம். உண்மையில் நான்கு நிலைகள் இருக்கின்றன:

1. கணக்கே வேண்டாம். ‘நாம் எழுதாத, கணக்கிடாத உம்மி (எழுத்தறியாத) சமுதாயம், மாதம் இத்தனை, அல்லது இத்தனை’ என்று 29ஐயும் 30ஐயும் விரல்களால் காட்டிய நபிமொழி இதன் ஆதாரம். இடைக்கால அறிஞர் இப்னு தைமிய்யா இதை வலியுறுத்தினார்.

2. மறுக்க மட்டும் கணக்கு. பிறை தெரிய வாய்ப்பே இல்லை என்று கணக்கு உறுதியாகச் சொன்னால், சாட்சியத்தைத் தள்ளிவிட வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் ஷாஃபி அறிஞர் தகிய்யுத்தீன் சுப்கி இப்படிச் சொன்னார்: கணக்கு உறுதியானது, சாட்சி ஊகத்துக்குரியது.

3. தெரியக்கூடும் என்ற கணக்கே போதும். 1978 இஸ்தான்புல் மாநாடு 8 பாகை விலகுகோணம், 5 பாகை உயரம் என்று வகுத்தது. துருக்கி உலகில் எங்காவது இது நிறைவேறுகிறதா என்று பார்க்கிறது. இந்தோனேசியா, மலேசியா, புருணை, சிங்கப்பூர் ஆகியவை இப்போது ஏற்றிருக்கும் அளவுகோல் 3 பாகை உயரம், 6.4 பாகை விலகுகோணம்.

4. சங்கமமே போதும். எகிப்தின் ஹதீஸ் அறிஞர் அஹ்மது முஹம்மது ஷாகிர் 1939இல் ஒரு சிறு நூலில், ‘உம்மி’ என்பது அன்றைய நிலைக்கான காரணம், காரணம் நீங்கினால் சட்டமும் மாறும் என்று வாதிட்டுக் கணக்கை முழுமையாக ஏற்கச் சொன்னார். சவூதியின் உம்முல் குரா நாள்காட்டியும் இதற்கு நெருக்கமானது: மக்காவில் சூரியன் மறையுமுன் சங்கமம் நிகழ வேண்டும், சூரியனுக்குப் பிறகு நிலா மறைய வேண்டும். ஆனால் அது அன்றாட நிர்வாகத்துக்கு. ரமளானையும் பெருநாளையும் அங்கே சாட்சியத்தைக் கொண்டே அறிவிக்கிறார்கள்.

இவற்றில் சுப்கியின் படியே மிகக் குறைந்த விலையில் மிகுந்த பயன் தருவது என்று எனக்குத் தோன்றுகிறது. பார்ப்பது என்ற வணக்கம் அப்படியே இருக்கும். நடக்கவே முடியாத பார்வை மட்டும் வடிகட்டப்படும்.

## மீண்டும் மார்ச் 29

இப்போது அந்த மாலையைப் பிரித்துப் பார்க்கலாம். ஜகார்த்தாவில் சூரியன் மறைந்த வேளையில்தான் சங்கமமே நிகழ்ந்துகொண்டிருந்தது. நிலா அதற்கு முன்பே அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. இந்தோனேசியாவுக்கு 31 என்பதில் சந்தேகமே இல்லை. மக்காவில் சூரியன் மறைந்தபோது நிலாவுக்கு வயது ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. விலகுகோணம் தான்ஜோன் எல்லையின் பாதியை எட்டவில்லை. கண்ணால் பார்த்ததாகச் சொல்லப்பட்ட சாட்சியத்தை வானியலாளர்கள் ஏற்க மறுத்தது இதனால். துருக்கி எந்தச் சாட்சியையும் கேட்கவில்லை. அமெரிக்கக் கண்டங்களில் மாலை வரும்போது தன் அளவுகோல் நிறைவேறும் என்ற கணக்கை வைத்து அதே 30க்கு வந்து சேர்ந்தது. ஒரே தேதியில் பெருநாள் கொண்டாடிய இரண்டு நாடுகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வழிகளில் வந்திருக்கின்றன.

தவறான தொடக்கத்தின் விலை மாதக் கடைசியில்தான் தெரியும். 1984இல் சவூதியில் 28 நோன்பு முடிந்த நிலையிலேயே ஷவ்வால் பிறை தென்பட்டது. விடுபட்ட ஒரு நோன்பைப் பிறகு நோற்க வேண்டி வந்தது.

## ‘பிறை பெரிதாக இருக்கிறதே!’

கடைசியாக, ஒவ்வொரு பெருநாளுக்கும் பிறகு வரும் ஒரு வாதம். பிறை தடிப்பாகத் தெரிகிறது, வெகுநேரம் நிற்கிறது, ஆகவே இது இரண்டாம் பிறை, நேற்றே பெருநாளாக இருந்திருக்க வேண்டும் என்பார்கள். ஒரு மாலையில் மயிரிழையில் தப்பிய நிலா அடுத்த மாலைக்குள் இன்னும் ஒரு முழு நாள் வளர்ந்துவிடும். அதனால் ஓர் ஊரின் தலைப்பிறைக்குப் பதினாறு மணி நேர வயதும் இருக்கலாம், நாற்பதை நெருங்கிய வயதும் இருக்கலாம். தடிமன் வயதைச் சொல்லும். முந்தைய மாலை அது தெரிந்திருக்குமா என்பதைச் சொல்லாது. பௌர்ணமியை வைத்துப் பின்னோக்கி எண்ணுவதும் இப்படித்தான்: முழுநிலா 13இலும் வரும், 15இலும் வரும்.

உம்ராவுக்குப் புறப்பட்ட சிலர் பத்னு நக்லா என்ற இடத்தில் இறங்கியபோது பிறையைக் கண்டார்கள். ‘இது மூன்றாம் இரவின் பிறை’ என்றார் ஒருவர்; ‘இல்லை, இரண்டாம் இரவு’ என்றார் இன்னொருவர். இப்னு அப்பாஸைச் சந்தித்ததும் வழக்கை அவரிடம் கொண்டுபோனார்கள். அவர் அளவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ‘நீங்கள் அதை எந்த இரவில் பார்த்தீர்கள்?’ என்றார். இன்ன இரவு என்றார்கள். ‘அப்படியானால் அது நீங்கள் பார்த்த இரவுக்கு உரியது.’